பிஎச்டி மாணவர்களுக்குத் தங்கிப் படிக்கும் கோடைப் பள்ளி: நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வணிகவியல், மேலாண்மைத் துறைகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்களை ஒரே இடத்தில் ஒரு வாரம் தங்க வைத்துக் கோடைப் பள்ளி நடத்த நினைக்கும் துறைகளிலிருந்து வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. முதல்முறையாகப் பொறுப்பேற்கும் ஒருங்கிணைப்பாளரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே நடத்தியவர்கள் சில இடங்களில் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

கோடைப் பள்ளி, முறையியல் பயிலரங்கு, டாக்டோரல் கன்சார்டியம் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ளாவிட்டால் ஆள் தேர்விலிருந்து அட்டவணை வரை எல்லாமே குழம்பும்.

முறையியல் பள்ளி என்பது ஒரு கருவியைக் கற்றுக்கொள்ளப் போகும் இடம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஐசிபிஎஸ்ஆர் என்ற சமூக அறிவியல் தரவு அமைப்பு 1963 முதல் நடத்திவரும் கோடை நிகழ்ச்சியும், இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகம் 1968 முதல் நடத்துவதும் இந்த வகை. புள்ளியியல் மாதிரிகளைப் படித்துவிட்டு மாணவர் ஊர் திரும்புவார். அவருடைய ஆய்வேடு எதைப் பற்றியது என்று அங்கே யாரும் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

கன்சார்டியம் என்பது துறைக்குள் நுழைவதற்கான அறிமுக மேடை. சந்தைப்படுத்தல் துறையில் அமெரிக்க மார்க்கெட்டிங் சங்கத்தின் கன்சார்டியம் 1966இல் தொடங்கி, வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் நடந்துவருகிறது. மேலாண்மை ஆய்வாளர்களின் சங்கமான அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட்டின் ஆண்டு மாநாட்டை ஒட்டி அதன் பிரிவுகளும் இப்படி நடத்துகின்றன. வேலை தேடுவது, ஆய்விதழ் ஆசிரியர்களைச் சந்திப்பது போன்றவை அங்கே பெரும் இடம் பிடிக்கும்.

நாம் பேசப்போகும் கோடைப் பள்ளி மூன்றாவது வகை. ஐரோப்பாவில் 1971இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய இஐஏஎஸ்எம் என்ற மேலாண்மை ஆய்வு நிறுவனமும், 1991இல் உருவான எடாம்பா என்ற முனைவர் பட்டத் திட்டங்களின் கூட்டமைப்பும் முனைவர் பட்ட மாணவர்களுக்கென்றே தனிக் கருத்தரங்குகளும் கோடைப் பள்ளிகளும் நடத்திப் பழகியவை. இந்த வகையில் மையம் மாணவர் கொண்டுவரும் அரைகுறைக் கட்டுரைதான். பாடம், பேச்சு, சாப்பாடு, நடை எல்லாம் அதைச் சுற்றியே வரும்.

ஆன்லைனில் நடத்தினால் செலவு மிச்சம்தானே? எதற்காகத் தங்க வைக்க வேண்டும்?

விரிவுரைக்கு ஆன்லைன் போதும். உண்மையைச் சொன்னால் விரிவுரைக்கு அதுவே மேல், பாதியில் நிறுத்தித் திரும்பக் கேட்கலாம்.

தங்க வைப்பதன் பயன் அமர்வுகளுக்கு வெளியேதான் கிடைக்கிறது. ஒரு மாணவரின் கட்டுரையில் அடிப்படைச் சிக்கல் இருந்தால் இருபது பேர் முன்னால் ஒரு பேராசிரியர் அதை முழுதாகச் சொல்லமாட்டார். நாசூக்காக, “இன்னும் கொஞ்சம் கூர்மைப்படுத்தலாம்” என்பார். அன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் அதே மாணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து “நிஜமாகவே என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டால்தான் “இந்தத் தரவை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது” என்ற வாக்கியம் வெளியே வரும். இரண்டு வருட உழைப்பைக் காப்பாற்றக்கூடிய வாக்கியம் அது. வீடியோ அழைப்பில் அந்தப் பேச்சுக்கு இடமே இல்லை, ‘வெளியேறு’ பொத்தானை அழுத்தியதும் எல்லாரும் மறைந்துவிடுகிறார்கள்.

அதனால் நான் ஒரே ஒரு நிபந்தனையில்தான் பிடிவாதமாக இருப்பேன்: பாடம் நடத்தும் பேராசிரியர்களும் அதே இடத்தில் இரவு தங்க வேண்டும். காலையில் வந்து பேசிவிட்டு மதியம் விமானம் பிடிப்பவர்களை வைத்து நடத்துவதாக இருந்தால், மாணவர்களைத் தங்க வைக்கும் செலவு வீண்தான்.

எத்தனை நாள்? எத்தனை பேர்?

ஆறு அல்லது ஏழு நாள். நான்கு நாளுக்குக் கீழே போனால் மாணவர்கள் ஒருவரையொருவர் நம்பத் தொடங்கும்போது மூட்டை கட்ட வேண்டியிருக்கும். பத்து நாளைத் தாண்டினால் நல்ல பேராசிரியர்கள் கிடைக்கமாட்டார்கள், குழந்தை உள்ள மாணவர்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள்.

ஆள் கணக்கை அறை எண்ணிக்கையிலிருந்து தொடங்காதீர்கள், கட்டுரை நேரத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு கட்டுரைக்கு ஐம்பது நிமிடம், ஒரு குழுவில் ஐந்து அல்லது ஆறு பேர், குழுவுக்கு நிரந்தரமாக ஒரு பேராசிரியர். 24 மாணவர்கள் என்றால் நான்கு குழு, நான்கு பேராசிரியர், கூடவே பொது அமர்வுகளுக்கு இரண்டு பேர். 30 வரை தாங்கும். அதற்கு மேல் போனால் அது மாநாடு ஆகிவிடும். எல்லாருக்கும் எல்லாருடைய பெயரும் மூன்றாம் நாளுக்குள் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் அளவுகோல்.

எந்த ஆண்டு மாணவர்களை எடுப்பது?

பாடப்பகுதி முடிந்து, தரவு சேகரிப்பு முழுதாக முடியாத நிலையில் இருப்பவர்களை. பெரும்பாலான திட்டங்களில் இது இரண்டாம் ஆண்டின் முடிவு அல்லது மூன்றாம் ஆண்டின் தொடக்கம். முதலாண்டு மாணவரிடம் பேசுவதற்கு இன்னும் கட்டுரை இருக்காது. கடைசி ஆண்டு மாணவர் எதையும் மாற்றும் நிலையில் இருக்கமாட்டார். அவருக்குத் தேவை பாராட்டும் வேலையும்தான்.

விண்ணப்பத்தில் என்ன கேட்க வேண்டும்?

மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதம் எல்லாம் வழக்கப்படி இருக்கட்டும். முடிவைத் தீர்மானிக்க வேண்டியது ஒரே ஒரு பக்கம்தான்: “உங்கள் ஆய்வு எந்தப் புதிரைத் தீர்க்கிறது?”

இரண்டு மாதிரி காட்டுகிறேன், இரண்டும் நானே எழுதியவை. முதலாவது: “டிஜிட்டல்மயமாதல் நிறுவனங்களின் செயல்திறனில் ஏற்படுத்தும் தாக்கத்தை ஆராய்கிறேன்.” இதில் புதிரே இல்லை. தாக்கம் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். எந்த நிறுவனம், எந்தத் தொழில்நுட்பம், எந்தச் செயல்திறன் என்று எதுவும் தெரியவில்லை. இரண்டாவது: “ஒரே கணக்கியல் மென்பொருளை ஒரே மாதத்தில் வாங்கிய கிளைகளில், சிலவற்றில் மாதக்கணக்கு முடிக்கும் நேரம் குறைந்தது, சிலவற்றில் கூடியது. மேலாளர்களின் அனுபவம் இதை விளக்கவில்லை. பழைய பேரேட்டை யார் வைத்திருந்தார் என்பது விளக்குகிறதா என்று பார்க்கிறேன்.” இவருடைய ஊகம் தவறாகக்கூட இருக்கலாம். ஆனால் இவரோடு ஒரு வாரம் பேசப் பொருள் இருக்கிறது.

ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் எழுதிய பக்கம் முதல் வாசிப்பில் மங்கலாகத் தெரியும், இதில் கவனம் தேவை. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இருவர் தனித்தனியாகப் படித்து, பிறகு சேர்ந்து பேசுங்கள். நடையை விட்டுவிட்டுப் புதிரைத் தேடச் சொல்லுங்கள்.

பெரிய பெயர்களை அழைக்க வேண்டாமா? விண்ணப்பங்கள் குவியுமே.

குவியும். ஒரு பெரிய பெயர் போதும், அவரும் தங்குவதாக இருந்தால் மட்டும்.

ஆசிரியர் குழுவில் எனக்குப் பிடித்த கலவை இது: ஒருவர் ஏதாவது ஓர் ஆய்விதழில் ஆசிரியராகவோ துணை ஆசிரியராகவோ இருப்பவர். கட்டுரைகள் எங்கே கவிழ்கின்றன என்று அவருக்குத் தெரியும். இரண்டு பேர் பட்டம் வாங்கி ஐந்தாறு ஆண்டுகளுக்குள் இருப்பவர்கள். நெறியாளரோடு மனத்தாங்கல், நிராகரிக்கப்பட்ட முதல் கட்டுரை, வேலைத் தேடல் எல்லாம் அவர்களுக்கு இன்னும் பச்சையாக நினைவிருக்கும், மாணவர்கள் அவர்களிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். மற்றவர்கள் முறையியலில் ஒருவருக்கொருவர் வேறுபட்டவர்கள். அளவுசார் ஆய்வாளரும் கள ஆய்வாளரும் மாணவர்கள் முன்னிலையிலேயே மரியாதையாக முரண்படுவதைப் பார்ப்பது நல்ல பாடம்.

அழைக்கும்போதே மூன்றையும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்: எல்லா இரவும் தங்குவீர்களா, குழுவின் கட்டுரைகளை முன்பே படித்து வருவீர்களா, பழைய ஸ்லைடுகளை அப்படியே கொண்டுவராமல் இருப்பீர்களா. மூன்றாவதைக் கொஞ்சம் பணிவாகக் கேட்க வேண்டும்.

ஒரு நாள் அட்டவணை எப்படி இருக்கும்?

காலை ஒன்பதரைக்குப் பொது அமர்வு, தொண்ணூறு நிமிடம். இடைவேளைக்குப் பிறகு குழுக்களாகப் பிரிந்து இரண்டு கட்டுரை. மதிய உணவு. மூன்று மணி வரை எதுவும் வேண்டாம். மூன்றிலிருந்து ஐந்து வரை பட்டறை, கைவேலை. ஐந்துக்கு மேல் இரவு உணவு வரை வெற்று நேரம். இரவு அமர்வு வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. நடுவில் ஓர் அரைநாள் முழு விடுப்பு.

அந்த வெற்று நேரத்தைப் பார்த்ததும் துறைத் தலைவருக்குக் கை துறுதுறுக்கும். “இங்கே ஒரு சிறப்பு விரிவுரை போடலாமே” என்பார். விடாதீர்கள். காலையில் கேட்ட விமர்சனத்தை மாணவர் எழுதிப் பார்ப்பதும், பேராசிரியரைத் தனியே பிடிப்பதும் அந்த நேரத்தில்தான். பத்து நிமிட நடைப்பேச்சுக்குப் பெயர் பதியும் தாள் ஒன்றை உணவுக்கூட வாசலில் ஒட்டிவைத்தால், கூச்ச சுபாவம் உள்ளவர்களும் வருவார்கள். ஒட்டாவிட்டால் வாயாடிகள் மூன்று பேரே எல்லாப் பேராசிரியரையும் ஆக்கிரமித்துவிடுவார்கள்.

கட்டுரை அமர்வை எப்படி நடத்துவது? வழக்கமான பவர்பாயிண்ட் போதாதா?

போதாது. மாணவர் இருபது நிமிடம் ஸ்லைடு காட்டி, பத்து நிமிடம் பாராட்டு வாங்கி உட்காருவதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

நான் பரிந்துரைப்பது இந்த முறை. கட்டுரையை எழுதியவர் பேசமாட்டார். குழுவில் இன்னொரு மாணவர் அதை எட்டு நிமிடத்தில் தன் வார்த்தையில் சொல்வார், ஸ்லைடு இல்லாமல். எழுதியவர் குறிப்பெடுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

குடும்ப நிறுவனங்கள் வெளியிலிருந்து மேலாளர்களை எப்போது நியமிக்கின்றன என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தன் கட்டுரை நிர்வாகக் கட்டுப்பாடு பற்றியது என்று அவர் நினைக்கிறார். சொல்ல வந்த மாணவர், “இது அண்ணன் தம்பிக்குள் யாரை யார் நம்புகிறார்கள் என்பதைப் பற்றிய கட்டுரை” என்று தொடங்குகிறார். எழுதியவர் முகம் மாறும். இடைமறித்துத் திருத்த வாயெடுப்பார். அப்போது பேராசிரியர் கையமர்த்த வேண்டும், ஏனென்றால் ஆய்விதழின் மதிப்பாய்வாளரிடம் போய் யாரும் இடைமறிக்க முடியாது. தாளில் எழுதியிருப்பது மட்டும்தான் மதிப்பாய்வாளர் கையில் இருக்கும்.

அதன்பின் பதினைந்து நிமிடம் மற்றவர்கள் பேச்சு. ஒரு விதி: எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று சொல்லித்தான் பேச வேண்டும். “கோட்பாடு வலுவாக இல்லை” என்பது செல்லாது. “நான்காம் பக்கத்தில் நேர்காணலில் வந்த ஒரு மேற்கோளைக் காரணமாகவே எடுத்துக்கொள்கிறீர்கள்” என்பது செல்லும். பிறகு பேராசிரியர் பத்து நிமிடம். அப்புறம்தான் எழுதியவர் வாய் திறக்கலாம். கடைசிச் சில நிமிடம் அடுத்த மூன்று மாதத்தில் எதைச் செய்யப்போவதில்லை என்பதை அவர் சொல்ல வேண்டும். செய்யப்போகும் பட்டியல் எல்லாரிடமும் நீளமாகவே இருக்கிறது.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொருவரும் குழுவின் எல்லாக் கட்டுரையையும் படித்திருக்க வேண்டும், அதனால் கட்டுரைகள் நான்கு வாரம் முன்னதாகவே வந்து சேர வேண்டும். கெடு தாண்டியவர்களுக்கு அமர்வு கிடையாது என்று அறிவியுங்கள். அறிவித்தபடி ஒரு முறை நடந்துகொண்டால் போதும், அடுத்த ஆண்டு யாரும் தாமதிக்கமாட்டார்கள்.

என் கருத்தை யாராவது திருடிவிட்டால்?

மாணவர்கள் இதைக் கேட்கத் தயங்குவார்கள், நீங்களே எடுத்துப் பேசுங்கள். லண்டனில் உள்ள சாதம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் பெயரில், சாதம் ஹவுஸ் விதி என்று 1927இலிருந்து ஒரு ஏற்பாடு இருக்கிறது: கேட்டதைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார் என்று சொல்லக் கூடாது. அரசியல் கூட்டங்களுக்கு அது பொருந்தும், நமக்கு நேரெதிரானது தேவை. முடிவடையாத கட்டுரையில் கேட்டதை எழுதியவரின் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது, அனுமதித்தால் பெயரோடுதான் பயன்படுத்த வேண்டும். இதை ஒரு பத்தியாக எழுதி, பேராசிரியர்கள் உட்பட எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

பொது அமர்வுகளில் என்ன சொல்லிக்கொடுப்பது?

புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். துறை எதுவானாலும் எல்லாருக்கும் உதவும் இரண்டு மூன்று தலைப்பு போதும்.

முதலாவது, எது கோட்பாடு இல்லை என்பது. ராபர்ட் சட்டனும் பாரி ஸ்டாவும் 1995இல் அட்மினிஸ்ட்ரேட்டிவ் சயன்ஸ் குவார்ட்டர்லி இதழில் எழுதிய சிறு கட்டுரை இதற்கு இன்னும் கைகொடுக்கிறது. மேற்கோள்கள், தரவு, மாறிகளின் பட்டியல், வரைபடம், கருதுகோள் ஆகிய ஐந்தும் தம்மளவில் கோட்பாடு ஆகா என்று வாதிட்டார்கள். அதைப் படித்துவிட்டு மாணவர்கள் தங்கள் கட்டுரையின் இரண்டாம் பகுதியில் இந்த ஐந்தையும் ஐந்து நிறப் பேனாவால் அடிக்கோடிட வேண்டும். கோடு விழாமல் மிஞ்சுவது எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு ஒரு வரிகூட மிஞ்சாது. அறை அமைதியாகிவிடும், அந்த அமைதியைப் பேசி நிரப்பாதீர்கள்.

இரண்டாவது, பகுப்பாய்வில் நேர்மை. ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சன் மூவரும் 2011இல் ஒரு பாட்டைக் கேட்டவர்களின் வயதே குறைந்துவிட்டதாகப் புள்ளியியல் ‘சான்று’ காட்டினார்கள். நடக்கவே முடியாத விஷயம். எந்த மாறியைச் சேர்ப்பது, எப்போது தரவெடுப்பை நிறுத்துவது என்று ஆய்வாளர் தன் வசதிக்கு முடிவெடுத்தால் எதையும் நிறுவிவிடலாம் என்று காட்டவே செய்தார்கள். இதை விரிவுரையாகச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒரே தரவை நான்கு குழுவுக்குக் கொடுத்து, மாலைக்குள் ஒரு முடிவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நான்கு குழுவின் எண்களும் ஒத்துப்போவது அரிது. எங்கே பிரிந்தார்கள் என்று பின்னோக்கிப் பார்ப்பதுதான் பாடம்.

மூன்றாவதாக, நிராகரிப்புக் கடிதத்தைப் படிப்பது எப்படி என்று ஓர் அமர்வு. பேராசிரியர் தனக்கு வந்த கடிதத்தையே, பெயர்களை நீக்கிவிட்டு, கொண்டுவர வேண்டும்.

நிதியியல் மாணவரும் நிறுவன நடத்தை படிப்பவரும் ஒரே குழுவில் இருந்தால் என்ன பேசிக்கொள்வார்கள்?

நிறையவே. கட்டுரையின் முதல் மூன்று பக்கம் துறைக்கு வெளியே உள்ளவருக்குப் புரியாவிட்டால் அது எழுத்தின் குறைதான். ஆனால் குழுவில் ஒருவர் மட்டும் தனித்துவிடக் கூடாது. அடையாள உத்தியை, அதாவது எது காரணம், எது விளைவு என்று தரவிலிருந்து பிரித்தறியும் வழியை, நிதியியல் பாணியில் சோதிக்க வேண்டிய மாணவருக்குக் குழுவில் குறைந்தது இன்னும் ஒருவராவது அந்த மொழி பேச வேண்டும்.

இங்கே கிடைக்கும் யோசனை மாணவரின் நெறியாளர் சொன்னதற்கு மாறாக இருந்தால்?

இருக்கும். மிகவும் சங்கடமான விஷயம் இது, சமாளிக்கவும் ஒரே வழிதான் உண்டு. பேராசிரியர்கள் யாரும் “உங்கள் கைடு சொன்னது தப்பு” என்று சொல்லக் கூடாது. காரணத்தோடு மாற்றுவழியைச் சொல்லலாம், முடிவு மாணவரும் நெறியாளரும் எடுப்பது. வாரக் கடைசியில் மாணவர் தன் நெறியாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும்: என்ன கேட்டேன், எதை ஏற்க நினைக்கிறேன், எதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். அதைக் குழுப் பேராசிரியர் ஒரு முறை பார்த்துத் தரட்டும். ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றப்போகிறேன் என்று வாசலில் நின்று அறிவிக்கும் மாணவரைவிட இந்தக் கடிதத்தோடு போகும் மாணவருக்கு வரவேற்பு நன்றாக இருக்கும்.

கிரெடிட் கொடுக்க முடியுமா?

உங்கள் பல்கலைக்கழக விதியைப் பொறுத்தது. ஐரோப்பிய ஈசிடிஎஸ் முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணிநேர உழைப்பு. முன்வாசிப்பும் விமர்சனக் குறிப்புகளும் ஐம்பது மணி, பள்ளி வாரம் நாற்பத்தைந்து, திருத்திய கட்டுரை நாற்பது என்றால் 135 மணி. ஐந்து கிரெடிட்டுக்கு நியாயமான கணக்கு. வருகைப் பதிவுக்கு மட்டும் கிரெடிட் தர வேண்டாம். திருத்திய கட்டுரை வந்த பிறகே சான்றிதழ்.

இடம் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

எல்லாரும் ஒரே கூரையின் கீழ் தூங்க வேண்டும், நடந்துபோகும் தூரத்தில் வகுப்பறை இருக்க வேண்டும். பெருநகரத்தின் நடுவில் இருந்தால் மாலையில் கூட்டம் கலைந்துவிடும். ஆனால் மருத்துவமனை எட்டாத காட்டுக்குள்ளும் வேண்டாம்.

மற்றவை நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். சக்கர நாற்காலி எல்லா அறைக்கும் போகுமா? சாய்தளம் இருக்கிறது என்று தொலைபேசியில் சொல்வார்கள், போய்ப் பார்த்தால் அது சமையலறைப் பின்வாசலில் இருக்கும். முப்பது லேப்டாப் ஒரே நேரத்தில் இணைந்தால் வைஃபை தாங்குமா? மின்செருகிகள் எத்தனை? குழு அறைகளுக்கு நடுவே உள்ள தடுப்பு, பேச்சைத் தடுக்குமா? வட்டமாக உட்கார நாற்காலிகளை நகர்த்த முடியுமா, இல்லை தரையோடு திருகி வைத்திருக்கிறார்களா?

ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்: முன்பதிவு செய்த அறைகளை எந்தத் தேதி வரை விடுவித்தால் பணம் கட்ட வேண்டாம் என்பது. விசா கிடைக்காமல் நான்கு பேர் வராவிட்டால் அந்த வரிதான் உங்கள் பட்ஜெட்டைத் தீர்மானிக்கும்.

கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது?

செலவை இரண்டாகப் பிரியுங்கள். பேராசிரியர் பயணம், அவர்கள் தங்குமிடம், அரங்கு, உதவியாளர் சம்பளம் ஆகியவை மாணவர் எண்ணிக்கையோடு மாறாதவை. அறையும் உணவும் மாறுபவை. மாறாத செலவை முழுதாகவோ பெரும்பகுதியோ நிறுவனமும் கொடையாளரும் ஏற்றுக்கொள்ள, மாறும் செலவை மட்டும் கட்டணமாக வாங்குவது நியாயமான ஏற்பாடு. உதவித்தொகை இல்லாத மாணவர்களுக்கென்று சில இடங்களை இலவசமாக ஒதுக்குங்கள், யாருக்கு அது கிடைத்தது என்பது ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். தனியறைக்குத் தனிக் கட்டணம் வைத்தால் வசதி உள்ளவர், இல்லாதவர் என்று முதல் நாளே பிரிவினை தெரிந்துவிடும். எல்லாருக்கும் தனியறை, முடியாவிட்டால் எல்லாருக்கும் இருவர் அறை.

விசாவுக்கு எவ்வளவு அவகாசம் வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவையே எடுத்துக்கொண்டால், பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம், முடிவு வழக்கமாக 15 நாளில் வர வேண்டும், ஆனால் 45 நாள் வரை நீளலாம். நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதற்கான காத்திருப்பு தனி. ஆகவே தேர்வு முடிவைக் குறைந்தது நான்கு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். அழைப்புக் கடிதத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர், தங்குமிட முகவரி, தேதி, யார் செலவை ஏற்கிறார்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஒற்றை எழுத்து முதலெழுத்தோடு பெயர் எழுதும் வழக்கம் உள்ளவர்களிடம் கடவுச்சீட்டின் நகலைக் கேட்டு வாங்கிவிடுவது உத்தமம்.

நடத்தை விதிகள் தேவையா? எல்லாரும் பெரியவர்கள்தானே.

பெரியவர்கள்தான். ஆனால் நாளை வேலைக்கும் ஆய்விதழுக்கும் தன் கட்டுரையை மதிப்பிடப்போகிறவரோடு ஒரு மாணவர் ஒரே கட்டடத்தில் ஏழு இரவு தங்குகிறார். அந்த அதிகார இடைவெளி சாப்பாட்டு மேசையில் காணாமல் போய்விடுவதில்லை.

விதிகளைச் சுருக்கமாக, சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். பேராசிரியர்கள் மாணவர்களோடு காதலிலோ பாலுறவிலோ ஈடுபடக் கூடாது. தனிச் சந்திப்பு பொது இடத்தில்தான், அறையில் இல்லை. எந்த நிகழ்ச்சியும் மதுவைச் சுற்றி அமையக் கூடாது. புகார் கேட்க இரண்டு பேர், அதில் ஒருவராவது பாடம் நடத்தாதவர். புகார் வந்தால் அடுத்து என்ன நடக்கும், யார் முடிவெடுப்பார், யாரை வீட்டுக்கு அனுப்ப முடியும் என்பதை முன்பே தீர்மானித்து எழுதிவையுங்கள். நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது குழு அமைத்துக்கொண்டிருக்க முடியாது.

மாணவர் ஒருவர் மனம் உடைந்துபோனால்?

அரிதான விஷயம் என்று நினைக்காதீர்கள். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு, சுமார் மூன்றில் ஒருவர் மனநலச் சிக்கலுக்கான அபாயத்தில் இருப்பதாகக் கண்டது. அப்படிப்பட்ட கூட்டத்தை ஒரு வாரம் விமர்சனத்துக்கு உட்படுத்துகிறோம்.

பொதுவாக மூன்றாம் நாள்தான் கனமானது. முதல் கட்டுரைகள் அடிபட்டிருக்கும், தூக்கம் குறைந்திருக்கும். அரைநாள் விடுப்பை அங்கே வையுங்கள். அமர்வில் கடுமையாக அடிபட்டவரை அன்றே ஒருவர் தனியே போய்ப் பார்க்க வேண்டும், முடிந்தால் அடித்தவரே. தொழில்முறை ஆலோசகர் ஒருவரின் எண் கைவசம் இருக்கட்டும். பேராசிரியர்கள் மருத்துவர் வேலை பார்க்க வேண்டாம்.

சாட்ஜிபிடி போன்றவற்றை அனுமதிக்கலாமா?

தன் கட்டுரையின் மொழியைத் திருத்திக்கொள்ள, நிரலில் பிழை தேட, அனுமதிக்கலாம். பிறர் கட்டுரையை எந்தச் சேவையிலும் பதிவேற்றக் கூடாது. அது இன்னும் வெளிவராத எழுத்து, நம்பிக் கொடுக்கப்பட்டது. விமர்சனக் குறிப்பையும் மாணவர் தானேதான் எழுத வேண்டும். இயந்திரம் எழுதிய விமர்சனத்தைக் கண்டுபிடிப்பது கடினமில்லை: எல்லாக் கட்டுரைக்கும் பொருந்தும், எந்தப் பக்கத்தையும் சுட்டாது.

புகைப்படம், பங்கேற்பாளர் பட்டியல்?

பதிவுப் படிவத்திலேயே தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். ஐரோப்பியர்கள் இருந்தால் 2018 மே முதல் அமலில் உள்ள ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உணவு ஒவ்வாமை, உடல்நலக் குறிப்புகளை நிகழ்ச்சி முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

பள்ளி பயன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடைசி நாள் கருத்துப் படிவம் ஒன்றையும் சொல்லாது. எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஐந்துக்கு ஐந்து போடத்தான் செய்வார்கள். சாப்பாடும் படுக்கையும் பற்றிய குறைகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் கழித்து மூன்று கேள்வி அனுப்புங்கள். கட்டுரையில் என்ன மாறியது? பள்ளியில் சந்தித்த யாரோடு இன்னும் எழுதிப் பேசுகிறீர்கள்? எதை ஏற்க முடியாமல் விட்டீர்கள்? இரண்டாவது கேள்விக்கு “யாரோடும் இல்லை” என்ற பதில் நிறைய வந்தால், அடுத்த முறை விரிவுரை நேரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

எப்போது வேலையைத் தொடங்க வேண்டும்? ஒருவரே பார்த்துக்கொள்ள முடியுமா?

பேராசிரியர்களுக்குப் பன்னிரண்டு மாதம் முன்பு. நல்லவர்களின் கோடை நாட்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் முற்பாதியிலோ அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் மாநாடு வேறு குறுக்கே வரும், அதனால் ஜூன் கடைசி அல்லது ஜூலைத் தொடக்கம் வசதி. இடத்துக்கு ஒன்பது மாதம், அறிவிப்புக்கு ஏழு, தேர்வுக்கு நான்கு.

ஒருவரால் முடியாது. பாடத்திட்டத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் ஒருவர், மற்ற எல்லாவற்றுக்கும் பொறுப்பான நிர்வாகி ஒருவர், இது குறைந்தபட்சம். இருவரையும் ஒரே ஆளாக்கினால் கட்டுரை விவாதம் சூடுபிடிக்கும்போது அவர் தொலைந்துபோன பெட்டிக்காக விமான நிறுவனத்தோடு போனில் இருப்பார். உதவிக்கு முந்தைய ஆண்டு வந்து போன மாணவர்கள் இருவரை அழையுங்கள், அவர்களுக்குத் தங்குமிடமும் பயணச் செலவும் கொடுங்கள். எந்தக் கதவு இரவில் பூட்டிக்கொள்ளும், எந்தப் பேராசிரியரைக் காபிக்கு முன் அணுகக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.